அரெஸ்டெட் டெவலப்மென்ட்: எது பெஸ்ட் எபிசோட், எது மொக்கை? கேளுங்க சொல்றேன்

பெஸ்ட் எபிசோட் எதுன்னு கொஞ்ச நாளா இங்க ஒரே அடிதடியா இருக்கு, சரி ஒவ்வொருத்தரா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். பாக்காதவங்களுக்கு சுருக்கமா: கலிபோர்னியா ஆரஞ்ச் கவுன்டில ப்ளூத்னு ஒரு பணக்கார ரியல் எஸ்டேட் குடும்பம், அப்பா கம்பெனி காச சுருட்டிட்டு ஜெயிலுக்கு போயிடறாரு, அதுல கொஞ்சம் உருப்படியான புள்ள மைக்கேல் மட்டும் மத்த தண்டச்சோறுங்கள எல்லாம் கட்டி மேய்க்கறான். மிட்ச் ஹர்விட்ஸ் உருவாக்குன அமெரிக்க காமெடி சீரிஸ், 2003 நவம்பர்ல ஃபாக்ஸ் சேனல்ல ஆரம்பிச்சுது. ஸ்பாய்லர் நெறைய வரும், அப்புறம் திட்டாதீங்க.

கேள்வி: அண்ணே சுத்தி வளைக்காம சொல்லுங்க, நம்பர் ஒன் எது?

பியர் ப்ரெஷர். மொத சீசன் பத்தாவது எபிசோட். புள்ளைங்க சின்னதா இருக்கும்போது அப்பன் அவங்களுக்கு பாடம் சொல்லித்தர ஒரு ஒத்தக்கை ஆள வேலைக்கு வெச்சிருப்பான், ஏதாச்சும் தப்பு பண்ணா அந்தாளோட பொய்க்கை பிச்சுக்கிட்டு பறக்கும், ரத்தம் பீச்சி அடிக்கும், புள்ளைங்க கதறும், அந்தாளு கூலா வந்து "இதுக்குத்தான் பால் தீந்தா ஒரு சீட்டு எழுதி வெக்கணும்"னு சொல்லுவான். அப்படி வளந்த மைக்கேல் இப்ப தன் பையன் கஞ்சா வாங்கறான்னு தெரிஞ்சதும் அதே டெக்னிக்க அவன்மேல இறக்கறான். பையன் வாங்குனதே சித்தப்பா பஸ்டர் கேட்டதுக்காக, பஸ்டர் கேட்டது அவனோட கேர்ள்பிரண்டுக்கு தலசுத்தல்னு. நடுவுல அண்ணன் ஜோப் வேற போலீஸ் வேஷத்துல டான்ஸ் ஆடற ஆளுங்கள கூட்டிட்டு வந்துடுவான். எல்லாரும் எல்லாருக்கும் பாடம் எடுக்கறாங்க, யாரும் எதுவும் கத்துக்கல, இருபத்திரெண்டே நிமிஷம். இதுக்கு மேல ஒரு காமெடி எபிசோட இறுக்கி கட்ட முடியாதுங்கறது என் கருத்து.

கேள்வி: ஒத்துக்கவே மாட்டேன் ப்ரோ. சீல் (கடல்நாய்) பஸ்டர் கைய கடிச்சுட்டு போற எபிசோட்தான் டாப்பு. அத ரெண்டாவதா கூட சொல்லலயே?

அவுட் ஆன் எ லிம்ப், ரெண்டாவது சீசன். உங்க கோவம் நியாயந்தான். ஆனா ஒன்னு கேக்கறேன், அந்த எபிசோட மட்டும் தனியா எடுத்து போட்டா அது எவ்ளோ நல்லாருக்கும்? அதோட பலமே அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா போட்ட அஸ்திவாரம். கை வடிவத்துல ஒரு நாற்காலி இருந்துச்சே, அத ரொம்ப நாள் கழிச்சு திரும்ப பாத்துட்டு பஸ்டர் "ஒரு கைய இவ்ளோ மிஸ் பண்ணுவேன்னு நெனைக்கவே இல்ல"ன்னு உருகுவான், அப்ப அவனுக்கு ரெண்டு கையும் இருக்கு. அப்புறம் அந்த பெஞ்ச். ராணுவ அதிகாரி வேலைக்கு விளம்பரம் எழுதுன பெஞ்ச்ல பஸ்டர் உக்காந்திருப்பான், "ஆர்மி ஆபீஸர்"னு இங்கிலீஷ்ல எழுதுனதுல நடுவுல நடுவுல அவன் உடம்பு மறைச்சு "ஆர்ம் ஆஃப்" மட்டும் தெரியும், அதாவது கை காலி. கேமரா அத காட்டிட்டு போயிட்டே இருக்கும், யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. சீலுக்கு ரத்த ருசி பழக்குனதே ஜோப், மேஜிக் ஷோவுக்குன்னு வாங்கி பராமரிக்க முடியாம கடல்ல விட்டுட்டான். கடசில பஸ்டர் அம்மா பேச்ச மீறி கடல்ல நீந்தறான், கரையிலேந்து "லூஸ் சீல்"னு, அதாவது சீல் அவுத்துக்கிட்டு சுத்துதுன்னு கத்தறாங்க, அவன் காதுல அம்மா பேரு லூசில்னு விழுது, எனக்கு லூசில் பத்தி கவலையே இல்லன்னு திருப்பி கத்தறான், அவ்ளோதான் கை போச்சு.

அதனாலதான் ஓட்டு போட்டு பெஸ்ட் எபிசோட் எடுக்கறதுல எனக்கு நம்பிக்கை கம்மி. ஜோக்கு ஒரு எபிசோட்ல வெதைச்சு அஞ்சாவது எபிசோட்ல வெளைஞ்சா மார்க்க எதுக்கு போடறது?

கேள்வி: மூணு எபிசோட் பாத்தேன், சிரிப்பே வரல. எனக்கு ஏதாச்சும் கோளாறா?

கோளாறெல்லாம் இல்ல தம்பி. அமெரிக்காவுலயே இதான் நடந்துச்சு. 2004ல சிறந்த காமெடி சீரிஸ்க்கு எம்மி அவார்டு, அதோட சேத்து மொத்தம் அஞ்சு எம்மி, ஆனா பாக்க ஆள் இல்ல, இருபத்திரெண்டு எபிசோட்னு ஆர்டர் குடுத்த சேனலு ரெண்டாவது சீசன பதினெட்டா வெட்டுச்சு, மூணாவத பதிமூணா வெட்டுச்சு. வாரத்துக்கு ஒன்னுன்னு நடுவுல வந்து பாக்கறவனுக்கு பாதி ஜோக் புரியவே புரியாது, இது வரிசையா பாக்க வேண்டிய சாமான். இன்னும் ரெண்டு பாருங்க, சப்டைட்டில் போட்டு, பேக்கிரவுண்ட்ல இருக்கற போர்டெல்லாம் படிச்சுட்டு. செல்ல நோண்டிட்டே பாத்தா வேலைக்கு ஆகாது.

கேள்வி: எஸ்.ஓ.பி.ஸ் எபிசோட் செம்மன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அழுமூஞ்சித்தனமா தெரியுது.

பாதி ஒத்துக்கறேன். 2006 ஜனவரில வந்துச்சு, ஷோவ தூக்கப்போறாங்கன்னு ஊருக்கே தெரிஞ்ச நேரம். கதையில ப்ளூத் குடும்பம் திவாலாகி "எங்கள காப்பாத்துங்க"ன்னு விருந்து வெக்கறாங்க, அப்ப ஹோம் பில்டர்ஸ் ஆர்கனைசேஷன் நம்மள எடுத்துக்காதுன்னு அப்பா சொல்றாரு, மொத எழுத்த சேத்து பாருங்க, எச்பிஓ, அதாவது இன்னொரு டிவி சேனலு. த்ரீடி சீன், கெஸ்ட் ஸ்டாரு, ஒருத்தர் சாகப்போறாங்கன்னு பில்டப்பு, சேனலுங்க ரேட்டிங்குக்கு பண்ற எல்லா கேவலத்தையும் பண்ணிட்டு அதையே கிண்டல் பண்ணுவாங்க. கோவத்த வெச்சு எழுதுனது, அந்த சூடு எனக்கு புடிக்கும். ஆனா கேரக்டர்களுக்கு அதுல பெருசா வேலையில்ல, டாப் டென்ல நான் சேக்க மாட்டேன்.

அதுக்கப்புறமும் சேனலு என்ன பண்ணுச்சு தெரியுமா, கடைசி நாலு எபிசோட ஒரே ராத்திரி, 2006 பிப்ரவரி 10, வின்டர் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா ஓடிட்டிருக்கும்போது போட்டு முடிச்சு வுட்டுச்சு.

கேள்வி: அப்ப மொத மூணு சீசன்ல மொக்கைன்னு ஒன்னுமே இல்லையா? ஜால்ரா அடிக்காதீங்க.

இருக்கே. மூணாவது சீசன்ல சார்லீஸ் தெரோன் வர ரீட்டா கத. மைக்கேல் ஒரு பிரிட்டிஷ் பொண்ண காதலிக்கறான், அவ உளவாளியோன்னு எல்லாருக்கும் சந்தேகம், மிஸ்டர் எஃப்னு ஒரு மர்ம பேரு வேற சுத்துது. கடசில பாத்தா அவ கை பட்டைல இருக்கற எம்ஆர்எஃப்ங்கற எழுத்துக்கு அர்த்தம் மூளை வளர்ச்சி இல்லாத பெண்ணுங்கறத அந்தக்கால மருத்துவ பாஷைல சொல்றது. (நம்மூர்க்காரங்க மனசுல டயர்தான் ஓடும், அது வேற கத.) க்ளூ வெச்ச நேர்த்திய குறை சொல்லவே முடியாது, திரும்ப பாத்தா ஒவ்வொரு சீன்லயும் அவ குழந்த மாதிரிதான் நடந்துக்குவா. ஆனா அஞ்சு எபிசோடா இழுத்து கடைசில சிரிக்க வேண்டியது அந்த பொண்ணோட குறைய பாத்தாங்கறப்போ எனக்கு இப்ப பாக்கும்போது நெளியுது. மைக்கேல கிண்டல் பண்றாங்கன்னு சிலபேர் சொல்றாங்க, அந்த வாதம் பாதி தூரந்தான் வரும்.

கேள்வி: வக்கீல் பேரி கடல் பாலத்துல செத்த சுறாவ தாண்டறாரே, அதுல என்ன இருக்கு? கூட பாத்த ஃப்ரெண்டு விழுந்து விழுந்து சிரிச்சான்.

அந்த நடிகர் ஹென்றி விங்க்ளர் எழுபதுகள்ல ஹேப்பி டேஸ்னு ஒரு சீரியல்ல பெரிய ஸ்டாரு, அதுல 1977ல வாட்டர் ஸ்கீல சுறாவ தாண்டுவாரு, ஒரு ஷோ சரிய ஆரம்பிச்சா "சுறாவ தாண்டிடுச்சு"ன்னு சொல்றதே அதுலேந்து வந்ததுதான். இங்க சும்மா ஒரு குதி குதிச்சுட்டு போயிடுவாரு. அதோட விட்டாங்களா, மூணாவது சீசன்ல பேரிக்கு பதிலா வர புது வக்கீலு ஸ்காட் பேயோ, அவரும் ஹேப்பி டேஸ்ல இளசுகள புடிக்க பின்னாடி சேத்த ஆளு, வந்ததும் இவருக்கு பதிலா என்ன கூப்புடறது இது மொத தடவ இல்லன்னு வேற சொல்லுவாரு. கத சொல்ற குரல் ரான் ஹோவர்டு, அவரும் அதே சீரியல்தான்!

கேள்வி: சீசன் 4 ஏன் எல்லாரும் திட்டறீங்க? எனக்கு புடிச்சுது.

2013ல நெட்ஃப்ளிக்ஸ்ல பதினஞ்சு எபிசோட் ஒரே நாள்ல வந்துச்சு. எல்லா நடிகருக்கும் ஒன்னா தேதி கெடைக்கல, அதனால எபிசோடுக்கு ஒரு ஆள்னு பிரிச்சுட்டாங்க. ப்ளூத் காமெடியே ஒரே ரூம்ல ஒன்பது பேரு, ஒருத்தன் சொல்றத இன்னொருத்தன் தப்பா புரிஞ்சுக்கறது, பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ண ஆடற கோழி டான்ஸ் யோசிச்சு பாருங்க, ஆளுக்கு ஒரு ஸ்டைல், ஒன்னு கூட கோழி மாதிரி இருக்காது, இந்த வீட்ல யாராச்சும் கோழிய பாத்திருக்கீங்களான்னு மைக்கேல் கேப்பான். தனித்தனியா ஆடவிட்டா அந்த கேள்விய யாரு கேப்பா? என் கணக்குல மொத்த சீரீஸ்லயே மொக்கை அதோட ரெண்டாவது எபிசோட், அப்பா பாலைவனத்துல சுத்திட்டே இருக்கறது, நீளம் வேற அதிகம், கொட்டாவி வந்துடும்.

ஆனா உங்க பக்கமும் இருக்கு. ஜோப்போட காலனி கொலாப்ஸ் அருமை, அவன் தப்ப உணர்ந்து வெறிச்சு பாக்கும்போதெல்லாம் சைமன் அண்ட் கார்ஃபங்கலோட சவுண்ட் ஆஃப் சைலன்ஸ் வரும், ஒவ்வொரு தடவையும் சிரிச்சேன். 2018ல இதையே வெட்டி ஒட்டி வரிசப்படுத்தி இருபத்திரெண்டு எபிசோடா போட்டாங்க, அது இன்னும் மோசம், புதிரா கட்டுனத நேர்கோடாக்குனா புதிரும் போச்சு ஜோக்கும் போச்சு. பாக்கறதுன்னா 2013 வெர்ஷன் பாருங்க.

கேள்வி: சீசன் 5?

லூசிலா நடிச்ச ஜெசிகா வால்டருக்காக வேணா பாக்கலாம். 2021ல எறந்துட்டாங்க. வேற காரணம் ஒன்னும் தோணல.

கேள்வி: அண்ணா, வீட்டம்மாவ உக்கார வெச்சு ஒன்னே ஒன்னு காட்டணும், எது போடட்டும்?

பைலட், அதாவது மொத எபிசோட் வேணாம், ஆளுங்கள அறிமுகம் பண்றதுலயே ஓடிடும். டாப் பனானா போடுங்க, ரெண்டாவது எபிசோட். ஜெயில்லேந்து அப்பா "வாழப்பழக் கடைல எப்பவும் பணம் இருக்கும்"னு சொல்லிட்டே இருப்பாரு, மைக்கேல் அத தத்துவம்னு நெனச்சு அவர் மேல இருக்கற கடுப்புல பையனோட சேந்து கடைய கொளுத்திடுவான், அப்புறந்தான் தெரியும் செவுத்துக்குள்ள ரெண்டரை லட்சம் டாலர் நோட்டா ஒட்டி வெச்சிருந்தாரு. இன்சூரன்ஸ் இருக்கேன்னா, அந்த செக்க போஸ்ட் பண்ண சொன்னது ஜோப்கிட்ட, அவன் கெத்தா கடல்ல வீசிட்டான். அதுக்கும் அவங்க சிரிக்கலன்னா விட்டுடுங்க, வற்புறுத்தாதீங்க. சிரிச்சாங்கன்னா மூணாவது சீசன் கடைசி வரைக்கும் கூட்டிட்டு போங்க, அந்த கடையோட ஐடியா யார்கிட்டேந்து திருடுனதுன்னு அங்கதான் வருது.