சீசனில் டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது: கழற்றுவதற்கு முன்

லாரிகளில் டிபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது, ஃபில்டரைக் கழற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய இப்போதே அனுப்ப வேண்டாம். ரீஜெனரேஷன் (ஃபில்டரில் சேர்ந்த கரியை வண்டியே எரித்துச் சுத்தமாக்கும் வேலை, சுருக்கமாக ரீஜென்) பாதியில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். டெலிவரி சீசன் தொடங்கியதும் பல லாரிகளில் ஒன்றாக விளக்கு எரிகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஓட்டும் முறைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆக்டிவ் ரீஜெனில், அதாவது எஞ்சின் கூடுதல் டீசல் செலுத்திச் சூடேற்றும் ரீஜெனில், கரி எரிய ஃபில்டர் சுமார் 550–600 டிகிரி செல்சியஸ் சூட்டில் சிறிது நேரம் நிற்க வேண்டும். குறுகிய நடைகள், சரக்கு இறக்கும்போது ஐடிலிங், நடுவில் எஞ்சினை அணைப்பது என்று ஓடினால் அந்தச் சூடு நிலைக்காது. பாதியில் நின்ற ரீஜெனால் எஞ்சின் ஆயிலில் டீசலும் கலக்கும். இதை டிரைவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஸ்கேனரில் (எஞ்சின் கணினியின் தகவலைக் காட்டும் கருவி) கரி அளவு, சாம்பல் அளவு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கரி மட்டும் அதிகமா? சரி, வண்டியை நிறுத்தி ஒரு ரீஜெனை முழுதாக முடிக்க விடுங்கள். சாம்பல் எரியாது, அது ஏறியிருந்தால்தான் கழற்ற வேண்டும்.

முடித்த பிறகும் சீக்கிரமே விளக்கு வந்தால் இன்ஜெக்டர், டர்போ ஆயில் கசிவு, பிரஷர் சென்சார் குழாய் பக்கம் போங்கள்.

காய்ந்த புல், அட்டைப்பெட்டி அருகே ரீஜென் செய்யாதீர்கள். எஞ்சின் சக்தி ஏற்கெனவே குறைந்துவிட்டிருந்தால் நீங்களாக முயலாமல் ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள்.