எம்பி3 கோப்பு ஏன் இவ்வளவு சிறியது? ஃப்ளாக் (FLAC) என்ற இன்னொரு ஒலிக்கோப்பு வகையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

இரண்டுமே கம்ப்ரஷன் செய்தவை; கம்ப்ரஷன் என்றால் ஒலிக்கோப்பைச் சுருக்குவது, அவ்வளவுதான். சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக வைத்திருக்கிறார்கள்; இரண்டு சேனலுக்கும் சேர்த்து நொடிக்கு சுமார் 1,411 கிலோபிட் தரவு. எம்பி3 இதைப் பெரும்பாலும் 128-லிருந்து 320 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது, எப்படியென்றால் பலத்த சத்தம் ஒன்று ஒலிக்கும்போது அதை ஒட்டிய சுருதியில் வரும் மெல்லிய சத்தம் நம் காதில் விழாது, அந்த மாதிரி விவரங்களைக் குறைத்தோ விட்டுவிட்டோ எழுதுகிறது. விட்டது விட்டதுதான். ஃப்ளாக் எதையும் விடாது. துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல, பிரித்தால் முழுசாக வரும், ஆனால் ஏறக்குறைய பாதியாகத்தான் சுருங்கும். கேட்பதற்கு 320 எம்பி3 தாராளமாகப் போதும், பத்திரப்படுத்தவும் எடிட் செய்யவும் ஃப்ளாக்தான் சரி. அப்புறம், எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றினால் தரம் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். ஏறாது, கோப்பின் அளவுதான் ஏறும்.