கேமிங் லேப்டாப் வாங்கும் முன் வாட் எவ்வளவு என்று கேளுங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகன் மதுரையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முதல் வருடம் சேர்ந்திருக்கிறான். இதுவரை அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியை வைத்து ஓட்டினான். இப்போது படிப்புக்கும் கேம் ஆடுவதற்கும் சேர்த்து ஒரு லேப்டாப் கேட்கிறான். வாலரன்ட், ஜிடிஏ 5 இரண்டும் ஓட வேண்டுமாம். 65,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. ஒரு கடையில் ஐ7 லேப்டாப் ஒன்றைக் காட்டி, "இதில் எல்லாமே ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமானால் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப்பை (கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து தருவது இதுதான்) உள்ளே இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைத்துத்தான் அனுப்புகிறார்கள். டெஸ்க்டாப்பில் கழற்றி மாட்டுவதுபோல இதில் மாட்ட முடியாது. பல மாடல்களில் ராமை (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) மாற்றலாம், எஸ்எஸ்டியை (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) மாற்றலாம். மூளை போன்ற பிராசசரும் கிராஃபிக்ஸும் வாங்கிய அன்று என்ன இருக்கிறதோ, கடைசிவரை அதுதான். வெளியே ஒரு பெட்டி வைத்து இணைக்கும் வழி உண்டு, ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

அடுத்து அந்த ஐ7. ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பெனியின் பிராசசர் வரிசைகள். ஐ5-ஐ விட ஐ7 பெரியது என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. ஐ7-1255யு என்று ஒரு பிராசசர் இருக்கிறது. அந்த 'யு' மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ரகம் என்பதற்கான அடையாளம். அடிப்படை அளவு 15 வாட். மொத்தம் 10 கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி) இருந்தாலும் வேகமானவை 2 மட்டுமே. ஐ5-12450எச் என்று இன்னொன்று. 'எச்' வரிசை 45 வாட்டுக்கானது, வேகமான கோர் 4. கேம் ஆட இந்த ஐ5-ஐத்தான் நான் எடுப்பேன். இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர்களில் இன்னொரு குழப்பம். ரைசன் 5 7520யு என்ற பெயர் 7-இல் தொடங்குவதால் புதுசு போலத் தெரியும். 7000 வரிசையில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம். அது 2 என்றால் உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 என்ற பழைய தலைமுறை வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. கேமுக்கு வாங்கும்போது ரைசனிலும் 'எச்எஸ்' அல்லது 'எச்' என்று முடிவதைத் தேடுங்கள்.

இனி கிராஃபிக்ஸ். உங்கள் பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். இந்தப் பட்ஜெட்டை ஒட்டிப் பெரும்பாலும் கண்ணில் படுவது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2050 அல்லது 3050. சலுகை நாளில் எப்போதாவது 4050 பக்கத்தில் வரலாம், வந்தால் விடாதீர்கள். 2050-க்கும் 3050-க்கும் பெயரில்தான் சின்ன வித்தியாசம். 2050-இல் இருப்பது 4 ஜிபி நினைவகம், அதுவும் 64 பிட் பாதையில். மாசி வீதியில் போக வேண்டிய சரக்கைச் சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போவது போன்றது இது. 3050-இல் 4 ஜிபி, 6 ஜிபி என இரண்டு ரகம் உண்டு. 6 ஜிபி ரகம் 2023-இல் வந்தது, கோர்களும் கூடுதல். புதிய கேம்களில் 4 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும், நிரம்பியதும் படம் திக்கித் திக்கி நகரும். அதனால் என் முதல் தேர்வு 3050 6 ஜிபி.

அதோடு முடியவில்லை. ஒரே பெயருள்ள 3050-ஐ லேப்டாப் கம்பெனிகள் வெவ்வேறு வாட்டில் பூட்டிவைக்கின்றன. என்விடியாவே இதற்கு 35 முதல் 80 வாட் வரை இடம் தருகிறது. ஒல்லியான மாடலில் 35, 40 வாட்டும், கொஞ்சம் தடித்த மாடலில் 70, 80 வாட்டும் இருக்கும். பெட்டியின் மேல் இரண்டிலும் ஒரே ஸ்டிக்கர்தான். ஒரே மோட்டாருக்கு ஒரு வீட்டில் நல்ல வோல்டேஜும் இன்னொரு வீட்டில் லோ வோல்டேஜும் வந்தால் தண்ணீர் எப்படி ஏறும்? அதே கதைதான். கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் 'டிஜிபி' அல்லது 'மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்று போட்டிருப்பார்கள். 60 வாட்டுக்குக் கீழே இருந்தால் வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.

கடையில் டெமோ மெஷின் இருந்தால் உங்கள் மகனே பார்த்துவிடலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதை அழுத்தினால் அந்த வாட் வரும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் என்விடியா சிப்பைத் தொட்டால், 'டெடிகேட்டட்' என்ற வரியில் 6 ஜிபி என்று இருக்க வேண்டும். அதன் அருகிலேயே 'ஷேர்டு' என்று ஒரு கணக்கு இருக்கும். அது ராமிலிருந்து கடன் வாங்கும் இடம். இரண்டையும் கூட்டி "14 ஜிபி கிராஃபிக்ஸ்" என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கை ஏற்காதீர்கள்.

மகன் கேட்ட கேம்களைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். வாலரன்ட் லேசான கேம். விநாடிக்கு 144 ஃப்ரேம் (படம்) வேண்டும் என்பவர்களுக்கு அதைத் தயாரித்த ரயட் நிறுவனம் சொன்ன கிராஃபிக்ஸே பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆனில் இல்லாவிட்டால் வாலரன்ட் திறக்காது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் அது ஓடவே ஓடாது. ஆகவே 'டாஸ்' அல்லது லினக்ஸ் போட்டு விலையைக் குறைத்துத் தரும் மாடல் வேண்டாம், ஒரிஜினல் விண்டோஸ் 11 உள்ளதே எடுங்கள். ஜிடிஏ 5 பிசிக்கு வந்தது 2015-இல். 3050 அதைத் தாராளமாக ஓட்டும். இடம்தான் நிறைய பிடிக்கும், 100 ஜிபியை ஒட்டி வரும். 512 ஜிபி எஸ்எஸ்டிக்குக் குறைந்து வாங்காதீர்கள். படிப்புக்கும் இந்த கிராஃபிக்ஸ் வீண் போகாது. மெக்கானிக்கல் பிள்ளைகள் 3டி டிசைன் மென்பொருளைத் திறக்கும் நாள் வரும், அன்று இதே சிப்தான் கைகொடுக்கும்.

ராம் 16 ஜிபி இருக்க வேண்டும். முன்பெல்லாம் "8 வாங்குங்கள், பிறகு இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்புவேன். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு அப்படிச் சொல்வதில்லை. 16 ஜிபியோடு வரும் மாடலையே பாருங்கள். முடிந்தால் 8+8 என்று இரண்டு குச்சியாக இருப்பது நல்லது, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுப்பதுபோல வேலை வேகமாக நடக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும்.

நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது சூடு. கடையில் ஏசி 23 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே எந்த லேப்டாப்பும் சமர்த்தாகத்தான் இருக்கும். உங்கள் மகன் விளையாடப் போவது சித்திரை வெயிலில் வீட்டு மாடியில். லேப்டாப் தன்னைக் குளிர்விப்பது அறைக் காற்றை வைத்துத்தான். அறை 10 டிகிரி கூடினால் உள்ளே சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். 95, 100 டிகிரியை நெருங்கியதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

போன ஏப்ரலில் அவனியாபுரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் என் சர்வீஸ் டேபிளுக்கு லேப்டாப் கொண்டுவந்தான். "பத்து நிமிஷம் நல்லா ஓடுது சார், அப்புறம் இழுக்குது" என்றான். வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தகரம் போட்ட மாடி அறையில், மெத்தை மேல் வைத்து ஆடியிருக்கிறான். காற்று உள்ளே போகும் வழியே லேப்டாப்பின் அடிப்பக்கம்தான், மெத்தை அதை அடைத்துவிடும். அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செம்பு குழாயின் முனையில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் ஒரே துண்டாக உரிந்து வந்தது, மெத்தைப் பஞ்சும் தலைமுடியும் கலந்து. சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றி, மேசையில் வைத்து, பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஒரு நோட்டு உயரத்துக்கு முட்டுக் கொடுத்து ஓட்டினோம். 97-இல் நின்ற பிராசசர் 85-க்கு இறங்கியது. கேம் இழுக்கவில்லை. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆகவே மாடல் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு ஃபேன் இருக்கிறதா, பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். எடை 2 கிலோவுக்கு மேல் இருந்தால் குறையாக நினைக்காதீர்கள். கனம் என்பது உள்ளே இருக்கும் செம்பு. தினமும் பஸ்ஸில் தூக்கிப் போக வேண்டும் என்பது உண்மைதான், ஆனாலும் இந்த விலையில் ஒல்லியும் வேகமும் சேர்ந்து கிடைக்காது. வருடத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன் மாசி மாதத்தில், தூசி எடுக்கக் கொடுத்துவிடுங்கள். வீட்டிலேயே புளோயர் அடிப்பதானால் ஃபேன் சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும்.

திரையில் 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் மாறுவது) இருந்தால் வாலரன்டுக்கு நன்றாக இருக்கும். நிறம் சுமாராகத்தான் இருக்கும், இந்த விலையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்டர்நெட்டுக்கான லேன் கேபிள் செருகும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வாலரன்டின் சர்வர் மும்பையில் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து அங்கே போய்வர வைஃபையைவிட ஒயர் நம்பகமானது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கேமிங் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது முழு வேகம் தராது, கொஞ்ச நேரத்திலேயே சார்ஜும் தீரும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் அதைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும். சார்ஜர் பெரியது, மூன்று பின் உள்ளது. பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது, மெட்டல் பாடியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். அப்படி உணர்ந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பழைய லேப்டாப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனிகளில் ஓடிக் கழிந்த ஐ7 மெஷின்களை 25,000, 30,000-க்குக் கொண்டுவந்து 'கேமிங்' என்று விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் தனி கிராஃபிக்ஸே இருக்காது. எழுத, படிக்க நன்றாக இருக்கும். மகனுக்கு அது போதாது.

எச்பி விக்டஸ், லெனோவா லோக், ஏசர் நைட்ரோ, ஏசுஸ் டஃப், எம்எஸ்ஐ தின் என்று பல வரிசைகளைக் காட்டுவார்கள். ஒவ்வொரு வரிசையிலும் நல்ல மாடலும் உண்டு, இளைத்த மாடலும் உண்டு, அதனால் வரிசைப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு டவுன்ஹால் ரோடு பக்கம் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள், அதே எண்ணை ஆன்லைனிலும் பாருங்கள். மகனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், ஓட்டிப் பார்க்கப் போவது அவன்தான். வாரண்டி ஒரு வருடமா, வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, மதுரையிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி, லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று ஒரு எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.