பூரணம் கெட்டியாக, மாவு தளர்வாக: வீட்டில் செக் கோலாச்சே

கேள்வி: செக் குடியரசின் பிர்னோ நகரில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரியும் பெண் தன் திருமணத்துக்குச் சில நாட்கள் முன்பு ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னக் கோலாச்சே (நடுவில் இனிப்புப் பூரணம் வைத்துச் சுடும் வட்ட ரொட்டி) கொடுத்தார். அதன் ருசி பிடித்துப்போய் வீட்டிலேயே செய்து பார்க்கிறேன். பாலாடைக்கட்டிப் பூரணம் ஓவனுக்குள் வழிந்து ஓடுகிறது. நடுப்பகுதி உப்பி எழுந்து பூரணத்தை ஓரமாகத் தள்ளிவிடுகிறது. மறுநாளே வறண்டு கெட்டியாகிவிடுகிறது. கசகசாப் பூரணம் கசக்கிறது. எதைத் திருத்த வேண்டும்?

பதில்: கசப்பையும் நடு உப்புவதையும் தனியாக வைத்துக்கொள்வோம். மற்ற இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. மாவில் இருக்க வேண்டிய ஈரம் பூரணத்துக்குப் போயிருக்கிறது. பிசையும்போது கையில் ஒட்டுகிறதே என்று மேலும் இரண்டு கைப்பிடி மாவு தூவியிருப்பீர்கள். பூரணம் குழைவாக இருக்கட்டும் என்று பாலோ முழு முட்டையோ சேர்த்திருப்பீர்கள். கோலாச்சேவுக்கு வேண்டியது நேர்மாறு: சற்றே ஒட்டும் மாவு, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பூரணம்.

முதலில் மாவு. செக் கடைகளில் கோதுமை மாவை அரைத்த பருமனைப் பார்த்து மூன்றாகப் பிரித்து விற்கிறார்கள். ஹ்லாட்கா என்பது நம் மைதாவைப் போல நைசானது. ஹ்ருபா விரலில் நறநறவென்று படும்; வேகவைக்கும் கொழுக்கட்டை வகைகளுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே இருப்பது பொலோஹ்ருபா. கோலாச்சேவுக்குப் பலர் எடுப்பது இதைத்தான்; ஹ்லாட்காவைப் பாதிக்குப் பாதி கலப்பவர்களும் உண்டு. பருமனான துகள் தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும் என்பதை நினைவில் வையுங்கள். பிசைந்த ஐந்தாவது நிமிடத்தில் பிசுபிசுவென்று இருக்கும் மாவு, மூடி வைத்து இருபது நிமிடம் கழித்துத் தொட்டால் தானாகவே இறுகியிருக்கும். அதற்குள் பொறுமை இழந்து மாவு தூவினால் மறுநாள் வறட்சி நிச்சயம்.

அளவு இது. மாவு 500 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி, சர்க்கரை 80 கிராம், வெண்ணெய் 100 கிராம், இரண்டு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு சிறு கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சையின் தோல் துருவல். ஈரமான ஈஸ்ட் என்றால் 25 கிராம். அங்கே கிடைக்கும் 42 கிராம் கட்டியில் பாதிக்குச் சற்று மேல். உலர் ஈஸ்ட் என்றால் 7 கிராம் பொட்டலம் ஒன்று. பாலில் கொஞ்சம் எடுத்து, ஒரு கரண்டி சர்க்கரையும் ஒரு கரண்டி மாவும் போட்டு, ஈஸ்ட்டை உதிர்த்துக் கலக்கி வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நுரைத்து எழவில்லை என்றால் அந்த ஈஸ்ட்டை நம்பி மற்றதையெல்லாம் கொட்ட வேண்டாம்.

வெண்ணெய்யைக் கடைசியில் சேருங்கள். மற்ற எல்லாவற்றையும் ஏழெட்டு நிமிடம் பிசைந்து, மாவு இழுத்தால் நீளும் பதம் வந்த பிறகு, இளகிய வெண்ணெய்யைத் துண்டு துண்டாகப் போட்டுப் பிசைய வேண்டும். முதலிலேயே கொழுப்பு சேர்ந்தால் மாவின் இழுவை உருவாவது தாமதப்படும். பழைய வீடுகளில் வெண்ணெய்யுடன் பன்றிக் கொழுப்பையும் சேர்க்கும் வழக்கம் உண்டு. மரக்கறி உண்பவர்கள் கடைக் கோலாச்சே வாங்கும்போது உறையில் ‘சாட்லோ’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மாவு இரண்டு மடங்காக எழ ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் ஹீட்டர் மேல் நேராக வைக்க வேண்டாம். அடிப்பகுதியில் வெண்ணெய் உருகிப் பிரிந்துவிடும். விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள் வைத்தால் போதும். எழுந்த மாவை 50 கிராம் உருண்டைகளாகப் பிரித்தால் இருபது வரும்.

நடு உப்புவதற்குக் காரணம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. உருட்டிய கையோடு அமுக்கினால் மாவு ரப்பராகத் திரும்ப எழும்பும். உருண்டைகளைத் தட்டில் இடைவெளி விட்டு வைத்து, துணி போட்டு, கால் மணி நேரமாவது உப்பவிடுங்கள். பிறகு தட்டையான அடி கொண்ட சிறு கண்ணாடிக் குவளையை மாவில் தோய்த்து, தட்டின் அடி தட்டும்வரை அழுத்துங்கள். வீடுகளில் இதற்கு மதுக் குவளையைப் பயன்படுத்துவார்கள், விரல்களாலும் செய்யலாம். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வரம்பு நிற்க வேண்டும். குழியின் அடியை முள்கரண்டியால் நாலைந்து இடம் குத்துங்கள். வரம்பில் அடித்த முட்டையைத் தடவிவிட்டு அதன் பிறகே பூரணம் வையுங்கள். தயங்கித் தயங்கி அரைக்குழி போட்டால் நடு கட்டாயம் எழும். கூச்சப்படாமல் அழுத்துங்கள்.

பாலாடைக்கட்டிப் பூரணத்துக்கு அங்கே எடுப்பது த்வாரோஹ். பாலைப் புளிக்கவைத்து எடுக்கும் புதுப் பாலாடைக்கட்டி. கடையில் இரண்டு விதமாக இருக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் வருவது மென்மையானது, ரொட்டியில் தடவிச் சாப்பிட ஏற்றது. தாளில் கட்டியாகச் சுற்றி வருவது உலர்ந்தது. நீங்கள் வாங்கியது கிண்ணமாகத்தான் இருக்கும். கட்டியாக வருவதை வாங்குங்கள். கிண்ணம்தான் கிடைத்தது என்றால் மெல்லிய துணியில் மூட்டை கட்டி, குளிர்பெட்டிக்குள்ளேயே ஓர் இரவு வடியவிடுங்கள். ஜெர்மனியில் இருக்கும் வாசகர்கள் அங்கே கிடைக்கும் இதே வகையான குவார்க்கையும் இப்படித்தான் வடிக்க வேண்டும்.

250 கிராம் த்வாரோஹுக்குப் பொடித்த சர்க்கரை 50 கிராம், மஞ்சள் கரு ஒன்று, வனிலா புட்டிங் பொடி ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைத் தோல், ஒரு கைப்பிடி உலர்திராட்சை. புட்டிங் பொடி என்பது பெரும்பாலும் சோளமாவுதான். சூட்டில் கசியும் நீரை அது பிடித்துக்கொள்ளும். முட்டையின் வெள்ளைக் கருவும் பாலும் வேண்டாம். இன்னொன்று, சர்க்கரை பட்டதும் பாலாடைக்கட்டி நீர் விடத் தொடங்கும். காலையிலேயே கலந்து வைத்துவிட்டு மாலையில் எடுத்தால் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டியிருக்கும். உருண்டைகள் இரண்டாம் முறை உப்பும் நேரத்தில் கலந்தால் போதும்.

அப்படியும் வழிவதைப் பற்றிக் கவலை என்றால் செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் பாணிக்குப் போய்விடுங்கள். பிர்னோவே மொராவியாவில்தானே இருக்கிறது. உருண்டையைத் தட்டி, நடுவில் த்வாரோஹை வைத்து, ஓரங்களைக் கூட்டி மூடி, மூடிய பக்கம் கீழே வருமாறு தட்டில் கவிழ்த்துவிடுவார்கள். சற்று உப்பியதும் மேலே அழுத்தி, அந்தக் குழியில் பிளம் பழக் களியை வைப்பார்கள். ஒரு கடியில் இரண்டு பூரணம். உங்கள் தோழி கொடுத்த திருமணக் கோலாச்சேவும் பல வீடுகளில் இதே முறைதான். அளவு மட்டும் இரண்டு வாய்க்கு மேல் வராது. கல்யாணத்துக்கு முன்பு உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் அலுவலகத்தாருக்கும் அதைப் பெட்டிகளில் கொடுத்தனுப்புவது அங்கே இன்றும் நடக்கிறது. நூற்றுக்கணக்கில் சுட வேண்டிய வேலை என்பதால் முழுக் குடும்பமும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். முதல் முயற்சிக்கு அந்தச் சிற்றளவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பிளம் களியின் பெயர் போவிட்லா. முறையாகச் செய்தது சர்க்கரையே சேர்க்காமல், பழத்தை மணிக்கணக்கில் கிளறிச் சுண்டவைத்தது. கறுத்து, கத்தியால் வெட்டலாம் போல இருக்கும். ஜாம் பாட்டிலை எடுத்து வந்துவிடாதீர்கள். ஜாம் சூட்டில் இளகி, கொதித்து, தட்டில் பட்டுக் கருகும். போவிட்லா அதிகம் இறுகியிருந்தால் ஒரு கரண்டி ரம் விட்டுக் குழைக்கலாம். செக் வீடுகளில் அதற்கு எடுப்பது துஸெமாக் என்னும் உள்ளூர்ச் சாராயம். கரும்பிலிருந்து வடித்தது அல்ல என்பதால் ஐரோப்பிய விதிகளின்படி அதன் புட்டியில் ரம் என்று எழுத முடியாது. மது வேண்டாதவர்கள் வெந்நீர் விட்டுக்கொள்ளலாம்.

இனி கசகசா. நம்மூரில் குருமாவுக்கு எடுப்பது வெள்ளைக் கசகசா. செக் நாட்டில் விளைவது நீலம் கலந்த கரும் சாம்பல் நிறம். உலகில் உணவுக் கசகசா அதிகம் விளைவிக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று என்பதால் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும். கசப்புக்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: முன்பே அரைத்த பொட்டலம். கசகசாவில் எண்ணெய் அதிகம். அரைபட்டதும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். முழு விதையாக வாங்கி, வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். செய்யும் அன்று அரையுங்கள்.

அரைப்பதில்தான் தமிழ்ச் சமையல்காரர்கள் வழுக்குவார்கள். ஊறவைத்து விழுதாக அரைக்கும் நம் பழக்கம் இங்கே உதவாது. உலர்ந்தபடியே பொடியாக வேண்டும். செக் வீடுகளில் இதற்கென்றே மேசையில் திருகிப் பொருத்தும் கை இயந்திரம் உண்டு. மிக்ஸி என்றால் சிறிய ஜாரில் கொஞ்சமாகப் போட்டு, விட்டுவிட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடினால் எண்ணெய் பிரிந்து உருண்டை கட்டிவிடும். 200 கிராம் பொடிக்கு 200 மில்லி பால், 80 கிராம் சர்க்கரை. பால் கொதித்ததும் பொடியைத் தூவி, ஐந்து நிமிடம் கிளறி, பட்டைத்தூளும் எலுமிச்சைத் தோலும் ஒரு கரண்டி தேனும் சேர்த்து இறக்குங்கள். தளர்வாகத் தெரிந்தால் ரொட்டித்தூள் தூவுங்கள். முழுவதும் ஆறிய பிறகே மாவில் வைக்க வேண்டும். மிச்சமான கசகசாவையோ கசகசாக் கோலாச்சேவையோ சிங்கப்பூர், துபாய் உறவினர்களுக்கு அன்பளிப்பாக எடுத்துப்போக நினைக்காதீர்கள். அங்கே கசகசா தடைசெய்யப்பட்ட பொருள்.

மேலே தூவும் ட்ரொபென்காவுக்கு மாவு இரண்டு பங்கு, குளிர்ந்த வெண்ணெய் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு எடுத்து விரல் நுனியால் உதிர்த்தால் முடிந்தது. ஹ்ருபா மாவில் செய்தால் மொறுமொறுப்பு கூடும். தாராளமாகத் தூவுங்கள். இதில் கருமித்தனம் காட்டிய கோலாச்சே மொட்டையாகத் தெரியும்.

பூரணம் வைத்த பின் பத்து நிமிடம் போதும், உடனே ஓவனுக்கு. மேலும் கீழும் சூடு வரும் அமைப்பில் 180 முதல் 190 டிகிரி, 15 முதல் 18 நிமிடம். விசிறி ஓடும் ஓவனில் 170 போதும். கருகிவிடுமோ என்று 150-இல் அரை மணி நேரம் வைப்பவர்கள்தான் வறண்ட கோலாச்சே சாப்பிடுகிறார்கள். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் மாவின் ஈரமெல்லாம் போய்விடும். வெளியே எடுத்த உடனே, சூடு பறக்கும்போதே, வரம்பில் உருக்கிய வெண்ணெய்யைத் தடவுங்கள். இதைப் பலர் அழகுக்காக என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மேல்தோல் மெத்தென்று இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இந்த இருபதும் கைக்கு வந்த பிறகு, மொராவியாவின் கிழக்கே வாலாச்சியப் பகுதியின் ஃபிர்காலை முயன்று பாருங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் குறுக்களவில், மெல்லிய மாவின் மேல், உலர்ந்த பேரிக்காயை வேகவைத்து மசித்த பூரணத்தை ஓரம்வரை பரப்பிச் சுடுவது. 2013-இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. மேற்கே டொமாஷ்லிட்ஸே வட்டாரத்தில் இதே போன்ற பெரிய வட்டத்தின் மேல் மூன்று நிறப் பூரணங்களால் கோலம் போல வளைவுகள் இழுப்பார்கள். எனக்குப் பேரிக்காய்தான் பிடிக்கும். ஆனால் பார்வைக்கு டொமாஷ்லிட்ஸேதான் வெல்லும்.

சுட்ட அன்று தீராததை ஆறியதும் காற்றுப் புகாத பையில் போட்டு உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் வேகமாகக் கெட்டியாகும். வேண்டும்போது எடுத்து, இளகவிட்டு, 160 டிகிரியில் ஐந்து நிமிடம். வார நாளில் செய்வதானால் முதல் நாள் இரவே மாவைப் பிசைந்து, ஈரமான ஈஸ்ட்டை 15 கிராமாகக் குறைத்து, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டிக்குள் விட்டுவிடலாம். மறுநாள் எடுத்ததும் கல் மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், வெண்ணெய் உறைந்திருக்கிறது. ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் இளகி, உருட்டும் பதத்துக்கு வந்துவிடும்.