முன்கதவுக்கு எந்த மின்பூட்டு?

கேள்வி: கல்லடியில் கடற்கரையை அண்டிய எங்கள் வீட்டில் அம்மா பகலில் தனியாக இருக்கிறார். முழங்கால் வலியால் அடிக்கடி எழுந்து வந்து கதவைத் திறக்க அவரால் முடியவில்லை. அறையிலிருந்தே பொத்தானை அழுத்தித் திறக்கும் மின்பூட்டு போட விரும்புகிறோம். காந்தப் பூட்டே பலமானது என்று கடையில் சொல்கிறார்கள். எங்களுடையது முதிரை மரக் கதவு. எதைத் தெரிவு செய்யலாம்?
- வாசகி, கல்லடி

பதில்: காந்தப் பூட்டு பலமானதுதான், பரவலாக விற்கப்படும் ஒரு வகை ஏறக்குறைய 280 கிலோகிராம் இழுவையைத் தாங்கும். ஆனால் மின்சாரம் நின்ற கணமே அதன் பிடி விட்டுப்போகும். 12 வோல்ற்றில் ஏறத்தாழ அரை அம்பியரை அது இரவு பகலாக எடுத்துக்கொண்டிருப்பதால், 7 அம்பியர்-மணி பற்றரியைத் துணைக்கு வைத்தாலும் கணக்குக்கு 14 மணித்தியாலந்தான், பழைய பற்றரியானால் அதுவும் இல்லை. மாரியில் கம்பி அறுந்தால் எப்போது கரண்ட் வரும் என்று காத்திருக்கும் ஊரில், தனியே இருக்கும் ஒருவரின் வாசலை அதன் பொறுப்பில் விட எனக்கு மனம் வரவில்லை.

கதவு நிலையில் பொருத்தும் எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக்கையே வாங்குங்கள். பூட்டின் நாக்கு விழும் தகட்டுக்குப் பதிலாக இது வரும். பொத்தானை அழுத்தியதும் நாக்கைப் பிடித்திருக்கும் அதன் உதடு தளர்ந்து, வெளியில் நிற்பவர் கதவைத் தள்ளி உள்ளே வரலாம். மின்சாரம் இல்லாதபோது பூட்டியே நிற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அப்போதும் வெளியிலிருந்து திறப்பால் திறக்கலாம். உள்ளிருந்து கைபிடியைத் திருப்பினால் கதவு திறக்க வேண்டும், இதைப் பொருத்துபவர் முன்னிலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பாருங்கள். ஆனால் தானே விழும் நாக்குள்ள பூட்டுக்கு மட்டுமே இது உதவும். திறப்பைச் சுற்றித் தள்ளும் தாழ் போட்டிருந்தால் பொத்தானால் பயனில்லை.

மரக்கதவில்தான் கூடுதல் கவனம் தேவை. கார்த்திகை, மார்கழி மழையில் மரம் ஈரம் குடித்துப் பருத்து, நாக்கு உதட்டை இறுக அழுத்தும்போது, உதட்டைத் தளர்த்தும் மின்சுருள் முனகுமே தவிரக் கதவு திறக்காது. மூடிய கதவை விரலால் தள்ளினால் சற்றே அசைய வேண்டும். அசையாவிட்டால் முதலில் தச்சரை அழைத்துச் சீவச் செய்யுங்கள். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகில் செய்ததையே கேளுங்கள்.

வந்தவர் கதவைத் திறந்தபடி விட்டுப் போனால் அம்மாதான் எழுந்து வர வேண்டியிருக்கும் என்பதால், கதவைத் தானாக மூடும் கருவியும் வேண்டும். வாசலில் நிற்பவரைப் பார்த்துப் பேசக் கமராவுள்ள அழைப்புமணியையும் சேர்த்தே பொருத்துங்கள். ஆள் யாரென்று தெரியாமல் அழுத்தும் பொத்தானை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.