கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நான் எடுத்த கல்யாணப் படத்தை மணமகள் வீட்டாரிடம் வாங்கி, மதுரை ஜவுளிக்கடை ஒன்று விளம்பரப் பலகையில் போட்டிருக்கிறது. இழப்பீடு கேட்கலாமா?

பதில்: எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் கடினம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். படம் பிடித்தவர் அல்லர் என்பது நம் தொழிலில் பலருக்குக் கசக்கும் செய்திதான். ஆயினும், எடுத்தவர் தாமே என்று உரிமை கோருவதை 57ஆம் பிரிவு உங்களிடமே விட்டுவைத்திருப்பதால், பெயரைப் போடும்படி கடைக்குக் கடிதம் எழுதலாம். இனி முன்பணம் வாங்கும்போதே, பதிப்புரிமை ஸ்டுடியோவுக்குரியது, வீட்டார் சொந்தப் பயனுக்கு வைத்துக்கொள்ளலாம், விளம்பரத்துக்கு ஸ்டுடியோவின் எழுத்து அனுமதி வேண்டும் என்று ஆர்டர் படிவத்திலேயே அச்சிட்டு, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.