கையெழுத்திட்ட பிறகும் வழக்குத் தொடரலாமா?

கேள்வி: மெல்பர்னில் முதியோர் இல்லமொன்றில் செவிலியராக இருக்கிறேன். அங்குள்ள பெரியவர் ஒருவர், 1960களில் திருச்சபை நடத்திய சிறுவர் இல்லத்தில் தமக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அண்மையில் என்னிடம் சொன்னார். 1990களில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, இனி வழக்குத் தொடர மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். இனி அவர் நீதிமன்றம் செல்ல வழியுண்டா? - வாசகி, மெல்பர்ன்

பதில்: வழியுண்டு. சிறுவயதில் இழைக்கப்பட்ட உடல், பாலியல் கொடுமைகளுக்கான இழப்பீட்டு வழக்குகளுக்கு இருந்த காலவரம்பை விக்டோரியா மாநிலம் 2015 ஜூலை 1 முதல் அடியோடு நீக்கிவிட்டது. கொடுமை எந்த ஆண்டு நடந்திருந்தாலும் இது பொருந்தும். நிறுவனங்களில் சிறார்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை விசாரித்த ஆஸ்திரேலியாவின் அரச ஆணையம் 2017இல் அளித்த இறுதி அறிக்கையின்படி, பாதிக்கப்பட்டவர்கள் நடந்ததை யாரிடமாவது வாய்திறந்து சொல்லவே சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வயது வந்து சில ஆண்டுகளுக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை காலாவதியாகும் என்ற பழைய விதி, குழந்தையின் வாயை அடைத்தவர்களுக்கே கேடயமாக இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் முடிந்த முடிவல்ல. அத்தகைய பழைய உடன்பாடுகளை, நியாயமெனத் தோன்றினால் ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை விக்டோரியா மாநிலத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. எனவே அந்தப் பத்திரத்தின் நகலைத் தேடியெடுக்கச் சொல்லுங்கள்; தொகை எவ்வளவு, அப்போது அவர் பக்கம் வழக்கறிஞர் இருந்தாரா, "கெடு முடிந்துவிட்டது, கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற நெருக்கடியில் கையெழுத்திட்டாரா என்பவையெல்லாம் முக்கியம்.

குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார், இனி நியாயமான விசாரணை நடவாது என்று சொல்லி, வழக்கை நிரந்தரமாக நிறுத்தும்படி எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். 1968இல் நடந்ததாகக் கூறப்பட்ட ஒரு நிகழ்வில், குற்றம் சாட்டப்பட்ட பாதிரியார் 1996இலேயே இறந்திருந்தும், வழக்கை நிறுத்த முடியாது என்று நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒவ்வொரு வழக்கும் தனித்தனியாகவே எடைபோடப்படும்.

நீதிமன்றப் படியேறும் தெம்பு அவருக்கு இல்லையென்றால், நிறுவனங்களில் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கான தேசிய நிவாரணத் திட்டம் இருக்கிறது. அதில் உச்சத்தொகை 1,50,000 டாலர். முன்பு வாங்கிய தொகையைக் கழித்துக்கொள்வார்கள். 2027 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதன் தொகையை ஏற்றுக்கொண்டால், அந்த நிறுவனத்தின் மீது பின்னர் உரிமையியல் வழக்குத் தொடர முடியாது. ஆகவே எதிலும் கையெழுத்திடுவதற்கு முன், இத்தகையோருக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தரும் 'நோமோர்' அமைப்பை அவர் அணுகட்டும். தொலைபேசி எண்ணைத் தேடித் தருவதும், அவர் விரும்பினால் பேசும்போது பக்கத்தில் இருப்பதும் உங்களால் இயன்ற உதவி.